ஒன்று, மூன்று, ஐந்து

கைஷியைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் வளைவில்
வண்டிக்கு விக்கல் எடுத்தது.
பின்னால் போலந்துக்காரர் இருவர்,
அவர்களைவிடப் பெரிய அவர்களின் பைகள்,
மெஸ்தியாவில் இறங்கவேண்டிய மக்வாலா டீச்சர்,
அவருடைய ஒரு மூட்டை உருளைக்கிழங்கு.
"பெட்ரோலில் தண்ணீரோ?" என்றார் டீச்சர்.
மஞ்சள் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி
வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

பங்க்காரனிடம் கருவியை இரவல் வாங்கிச் செருகினேன்:
மூன்றாம் சிலிண்டர்.

சுக்திதியில் தெங்கிஸ் கடையில்
மூன்று பெட்டிகளைப் பரப்பினான்.
நிக்கல் மலிவு, அடுத்த கோடைக்குள் மறுபடி வருவாய்.
பிளாட்டினம் பரவாயில்லை.
இரிடியம், ஊசிமுனை,
ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு என்னை மறந்துவிடலாம்.
"ஒன்று போதுமே லம்ஸீரா,
மூன்றாவதுதானே முரண்டு பிடிக்கிறது?"
சொத்தைப்பல்லைக் காட்டப் போனால்
பக்கத்துப் பல்லையும் தட்டிப் பார்ப்பார்கள்.
ஆறு கொடு என்றேன். இரிடியம்.
பீங்கானில் அச்சான எழுத்தை நகத்தால் சுரண்டினேன்.
உதிரவில்லை.
தெங்கிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
திருப்பிக்கொள்ளட்டும்.

இரவெல்லாம் எஞ்சினை ஆறவிட்டேன்.
சூட்டோடு கழற்றினால்
அலுமினியம் தன் மரையைத் தானே தின்னும்.

முன்வரிசை இரண்டு, நான்கு, ஆறு.
கையெட்டும் தூரம், கால்மணி நேர வேலை.
மூன்றும் வெளிர் பிஸ்கட் நிறம். நோய்நொடி இல்லை.
போன இலையுதிர் காலத்தில்
என் கொழுந்தன் பெசிக் மாட்டியவை.
ஆறுக்கும் காசு வாங்கியிருந்தான்.

பின்வரிசைக்கு வைப்பரைக் கழற்று,
வைப்பருக்கு அடியிலுள்ள தகட்டைக் கழற்று,
காற்றை உள்ளே இழுக்கும் அந்தப் பெரிய பெட்டியைத்
தொட்டிலைத் தூக்குவதுபோல் தூக்கு.
எந்தக் குழாய் எந்த வாய்க்கு என்று
மகளின் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன்.
ஊதாவுக்கு ஊதா, சிவப்புக்குச் சிவப்பு.
ஒரு மூலை போல்ட் மட்டும் வர மறுத்தது.
துரு என்று நினைத்து
சாக்கெட்டைச் சுத்தியலால் அறைந்து பிடுங்கினேன்.

ஐந்தாவது. மூன்றாவது. ஒன்றாவது.
முனை மழுங்கி, இடைவெளியில் நாணயம் நுழையும்.
இவை தொழிற்சாலையில் மாட்டியவை.
அமெரிக்காவில் யாரோ ஓட்டி, யாரோ மோதி,
ஏலத்தில் தள்ளிவிட்டு,
கப்பலேறி போத்தியில் இறங்கியபோது
உள்ளே இருந்த அதே மூன்று.

எங்கள் வழக்கத்தில்
உயிரோடிருப்பவருக்குப் பூ ஒற்றைப்படையில்,
போனவருக்கு இரட்டைப்படையில்.
இரண்டு, நான்கு, ஆறு என்று
சாவு வீட்டுக்கு வைப்பதுபோல் வைத்திருக்கிறான்.
பிப்ரவரியில் நாங்கள் அவனுக்கு வைத்ததும் ஆறு.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.
கேட்டது கோழிகள் மட்டும்.

புதியதை ஒரு துண்டு ரப்பர் குழாயில் செருகி
விரலால் திருகி இறக்கினேன்.
மரை பிசகினால் ரப்பர் வழுக்கும்,
ஸ்பானர் வழுக்காது; அது உடைத்துவிட்டுத்தான் ஓயும்.
அமர்ந்தபின் அரைச்சுற்று, அவ்வளவுதான்.

பெட்டியைத் திரும்ப ஏற்றும்போதுதான்
அந்த மூலை போல்ட்டைத் துடைத்துப் பார்த்தேன்.
ஆறு முகமும் மழுங்கியிருந்தன.
துருவில்லை. ஒரு பொட்டுத் துருவில்லை.
யாரோ ஸ்பானரைக் கவ்வவைத்து,
வழுக்கி, மறுபடி வைத்து, மறுபடி வழுக்கிய தழும்பு.

அந்த இலையுதிர் காலத்தில் அவன்
டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பான்.
குளிர் என்பான்.
நாங்களும் குளிர் என்றே நினைத்தோம்.

பாதிக் கிணறு தாண்டினவன் என்று
சொல்லிவிடலாம், நானே சொன்னேன்.
கிணறு எவ்வளவு அகலம் என்று
இன்று காலை வரை எனக்குத் தெரியாது.

சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.
கைஷி வளைவில் டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் கல்லறைக்குப் போவோம்,
சிவப்பு முட்டையை உருட்டுவோம், ஒயின் ஊற்றுவோம்.
மூன்று பிளக்கின் காசைக் கேட்கத்தான் போகிறேன்,
விடுவதாக இல்லை.
அந்த போல்ட் என் கோட்டுப்பையில் இருக்கிறது.
அதன் இடத்தில் புதிது மாட்டியாயிற்று என்றும்
சொல்லிவிட்டு வரவேண்டும்.