மெமரி ஃபுல்

திருப்பாதிரிப்புலியூர், லாரன்ஸ் ரோடு.
மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி என் கடை.
குனிந்துதான் வரவேண்டும், யாராயிருந்தாலும்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வார்த்தை: மெமரி.
போன் திணறினாலும் மெமரி,
படம் ஏறாவிட்டாலும் மெமரி,
நெட் சுற்றிச் சுற்றி நின்றாலும்
"மெமரி போயிடுச்சு போல, பாருங்க மேடம்."

துறைமுகத்தில் விடிகாலை ஏலம் பார்த்திருப்பீர்களே என்பேன்.
கொட்டி, கூவி, பேரம் முடித்து
ஒன்பது மணிக்குத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடும்
அந்த சிமெண்டுத் தரை, ராம்.
கரண்ட் போனால் ஒரு செதில் மிஞ்சாது.
உள்ளே பெட்டி பெட்டியாய் அடுக்கிய ஐஸ் ரூம், ஸ்டோரேஜ்.
(கரண்ட் போனால் ஐஸும் உருகுமே என்பார் யாராவது.
உவமைதானே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்.)
உங்களுக்கு நிறைந்திருப்பது ஐஸ் ரூம்,
நீங்கள் திட்டுவதோ தரையை.

நெட் வேறு கதை.
பண்ருட்டிப் பலாவை முழுசாய் ஏற்றினால் கண்டக்டர் கத்துவார்.
அறுத்து, சுளைக்குச் சுளை எண் எழுதி
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் பாதி, பாலூர் பஸ்ஸில் பாதி.
பதினேழு முதலில் வந்துவிடும். மூன்று வராது.
மூணு எங்கே என்று இங்கிருந்து ஒரு குரல் போகும்,
மறுபடி அனுப்புவார்கள்.
எல்லாம் சேர்ந்ததும்
பலா பழையபடி முள்ளோடு உட்காரும்.
சுளையின் பெயர் பாக்கெட்.
திரையில் சுற்றுகிற வட்டம்
மூன்றாவது சுளைக்குக் காத்திருக்கிறது.

ஐப்பசி மழை விட்ட சாயங்காலம் அஞ்சலாட்சி வந்தாள்,
சிப்காட் ஷிப்ட் முடிந்த வாசனை,
நெற்றியில் வலைத்தொப்பி பதிந்த கோடு.
போனை விற்கவேண்டும், கார்டோடு.
எல்லாம் அழித்துவிட்டேன், அழிந்ததா பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தேன்.
எண்பத்தாறு படம் எழுந்து வந்தது.
மாலை, மேளம், ஒரு பட்டுச் சட்டையின் கை.
அதற்குமேல் நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதை அவள் பார்த்தாள்.

"அழிச்சேனே."
நீங்கள் கழற்றியது வாசல் பெயர்ப்பலகையை.
ஆள் உள்ளேதான் இருக்கிறார்.
அந்த அறைக்கு வேறு யாரோ குடிவந்தால்தான் போவார்.

பேசாமல் நின்றாள்.
"அப்ப நிரப்பினாத்தான் அழியுமா?"
பதினாறு வருடமாக
இதை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நானே பூஜ்யம் எழுதி நிரப்புகிறேன், நாற்பது ரூபாய்.
வேண்டாம் என்று கார்டை வாங்கிக்கொண்டாள்.

திங்களன்று மறுபடி குனிந்து வந்தாள்.
ஞாயிறு முழுக்க தேவனாம்பட்டினத்தில் வீடியோ எடுத்திருக்கிறாள்.
அலை.
சுண்டல்காரர் முதுகு.
பட்டம் விடத் தெரியாத ஒரு பையன், அவன் அழுகை.
மேகம், ஒரு மணிநேரம்.
ஒற்றைச் செருப்பு.
லென்ஸை மறைத்த அவள் கட்டைவிரல்,
முழுதாய்ப் பதினொரு நிமிடம்,
உள்ளே ரத்தம் ஓடும் சிவப்பு.
சார்ஜ் தீர்ந்து, வலை தைப்பவர்களிடம் பவர்பேங்க் இரவல் கேட்டு,
இருட்டும்போது வந்ததாம்: மெமரி ஃபுல்.
பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னாள்.

ஓட்டினேன். எண்பத்தாறில் ஒன்று, அதுவும் பாதி:
மேலே பந்தலின் சீரியல் லைட்,
கீழே வெறும் சாம்பல்.
ஏதாவது ஒரு மூலை தப்பிவிடும், சத்தியம் பண்ணமாட்டேன் என்றேன்.
"இருக்கட்டும். லைட்டுதானே."

கார்டை விற்கவில்லை, போனை மட்டும் விற்றாள்.
கிளம்பும்போது ஒரு சந்தேகம்:
"முப்பத்திரெண்டுன்னு போட்டிருக்கு,
இருபத்தொம்பதுதான் பிடிச்சுது. மீதி?"
கம்பெனி ஆயிரம் ஆயிரமாய் எண்ணுகிறது,
மிஷின் ஆயிரத்து இருபத்துநாலாய் எண்ணுகிறது.
"அப்ப யாரும் திருடல."
யாரும் திருடவில்லை.
படியில் தலை இடிக்காமல்
குனிந்து வெளியே போனாள்.