இரண்டு யகரம்

சத்துவாச்சாரியில் இரவுப் பணி.
அமெரிக்காவின் மூட்டுவலிக்கும் மூலத்துக்கும்
குறியீட்டு எண் போடுகிறோம், ஆறு பேர்.
மே மாசம், மணி இரண்டரை, கரண்ட் போனது.
ஜெனரேட்டர் கிளம்பும்வரை பேச்சு இப்படிப் போயிற்று:
நம் மேசைமேல் கிடப்பதில் எது
இன்னும் ஐம்பது வருஷத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காரும்?

முனிரத்தினம் தன் கீபோர்டைத் தூக்கிக் காட்டினான்.
அலுமினிய உடம்பு, உள்ளே பித்தளைத் தகடு.
உலகத்துக்கே இருநூறுதான் செய்தார்களாம்.
இது நூற்று நாற்பத்து மூன்று, முதுகில் பொறித்திருக்கிறது.
பணம் கட்டிப் பதினெட்டு மாசம் காத்திருந்தான்.
பார்சல் வந்து சேர்வதற்குள் கல்யாணமாகி
பிள்ளைக்குப் பல்லும் முளைத்துவிட்டது.
விசைகளில் ஓர் எழுத்துக் கிடையாது. வழவழ வெள்ளை.

தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில் என்று
எங்கள் ஊரைக் கேலி பேசும் பட்டியல் ஒன்று உண்டு;
மீதியை நான் சொல்வதாயில்லை.
கோயிலுக்குத்தான் சாமி வந்தாயிற்றே,
காலியான இடத்தில்
எழுத்தில்லாக் கீபோர்டைச் சேர்த்துவிடலாம் என்றேன்.

போன ஆடியில் கை இறுகி
அதை லாங்கு பஜார் அடகுக்கடைக்கு
எடுத்துப் போனவன்தான் இவன்.
சேட் தராசில் வைத்தார். இரண்டு கிலோ நூறு.
பித்தளையை மட்டும் கழற்றித் தருவாயா என்றார்.
பிறகு ஒரு விசையை அழுத்தினார்.
இன்னொரு தடவை.
பையன் டீ கொண்டுவந்து வைத்து
ஆடை படிந்த பிறகும்
அழுத்திக்கொண்டே இருந்தாராம்.
விலை மட்டும் ஏறவில்லை.

தேவகிருபை இருட்டில் சிரித்தாள்.
நீ பட்டுத்துணியில் சுற்றி வைக்கிறாய்,
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேரும்
சுற்றித்தான் வைத்திருப்பார்கள்.
ஐம்பது வருஷம் கழித்தும் இருநூறும் இருக்கும்.
காட்பாடி ஹாஸ்டலில் பார்,
கலர் விளக்கு எரிய எரிய விடியவிடிய விளையாடுகிறார்களே,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ச் சாமான்.
அதன்மேல் சாம்பார் கொட்டும்,
சத்தம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரன் செருப்பை வீசுவான்,
நாலாம் வருஷம் மெத்தையோடு சேர்த்து
காயலான் வண்டியில் ஏறும்.
ஒருத்தனும் பத்திரப்படுத்தமாட்டான்.
அதில் ஒன்று பல் உதிராமல் தப்பினால்
அதற்குக் கொடுப்பார்கள் விலை.

ஜெனரேட்டர் கிளம்பியது.
என் முறை வரவில்லை. வந்திருந்தாலும்
சொல்லியிருக்கமாட்டேன்.

என்னுடையது வேலப்பாடியில், வீட்டில் இருக்கிறது.
தமிழ் எழுத்துப் போட்ட மூடிகள், முதல் ஈடு.
வலது சுண்டுவிரல் ஓய்கிற இடத்தில் ய.
அதன் கீழே ழ இருக்கவேண்டும்.
அங்கேயும் ய.
கோயமுத்தூர்க்காரர் மன்னிப்புக் கடிதத்தோடு
சரியான மூடியை அனுப்பிவைத்தார்,
தப்பானதைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.
நான் அனுப்பவில்லை.
மற்ற எல்லோரும் யோக்கியமாய் அனுப்பியிருக்கவேண்டும் என்று
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேண்டிக்கொள்கிறேன்.
தபால்தலை சேர்க்கிறவர்களைக் கேளுங்கள்,
பிழைக்கு என்ன விலை என்று.

பேராசை மட்டுமில்லை.
வாயப்பயம் என்றுதான் வீட்டில் கேட்டு வாங்குவோம்.
காட்பாடி ஸ்டேஷனில் கூடைக்காரி
பயம் பயம் என்று கூவிக்கொண்டு ஓட,
தூக்கம் கலைந்த வெளியூர்க்காரர் ஒருவர்
ஜன்னலை அடித்துச் சாத்தியதைப் பார்த்திருக்கிறேன்.
நாக்கு மடியவில்லை என்று
ஆறாம் வகுப்பில் முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன்.
அச்சடித்தவன் எங்கள் பக்கத்து ஆளோ என்னவோ.

சரியான மூடி உறைகூடப் பிரிக்காமல்
ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.

உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு
மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.
அழுத்தினால் திரையில் ஒழுங்காக ழ விழுகிறது.
இதையும் அதில்தான் எழுதினேன்.
பழம், மழை, புழுக்கம், வழவழ, பிழை,
எத்தனை இருக்கிறதோ எண்ணிக்கொள்ளுங்கள்.
அத்தனையும் ய.