பாம்புக்கு ஒரு முத்து

ஒன்பது நாள் கழித்துக் கால் வைத்தால்
தரைதான் ஆடுகிறது.
மனாமா துறையில் கையெழுத்துப் போடும்போது
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
குடித்திருக்கிறாளோ என்று
அதிகாரி ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

வாடை விழும்வரை பாய் ஏற்ற வேண்டாம்
என்று சொல்லிவிட்டார் கேப்டன் ரொசாரியோ.
இங்கே அதற்கு ஷமால் என்று பெயர்.
ஊரில் பனியைக் கொண்டுவரும்,
இங்கே மணலை.
ஆக ஒரு நாள் கிடைத்தது.
கேப்டன் தூங்கப் போனார்.
ஜெனிட்டன் சிம் கார்டு வாங்கப் போனான்.
நான் கோட்டை பார்க்கக் கிளம்பினேன்.

டாக்ஸிக்காரர் அசனலி, தொண்டி.
என் தமிழைக் கேட்டதும் மீட்டரை அணைத்தார்.
கொஞ்ச தூரம் போய் யோசித்து
மறுபடியும் போட்டார்.

"எத்தனை பேரைக் கொண்டாந்து விட்டிருப்பேன்!
பதினாறு வருஷம்.
உள்ள போனதில்ல."
வாங்களேன் என்றேன்.
"வண்டி?"
வண்டி எங்கே போகும்.

ஊர்மேல் ஊர், அதன்மேல் ஊர்.
தில்முன் என்றார்கள் அடியில் கிடப்பதை.
உச்சியில் போர்ச்சுகீசியர் கொத்தளம்.
எங்கள் கேப்டனின் பெயரும்
அவர்கள் கரையில் விட்டுப்போனதுதான்,
அவர் அங்கே குறட்டை விடுகிறார்.
ட்ராக் சூட் போட்ட இரண்டு பெண்கள்
நாலாயிரம் வருஷத்தைச் சுற்றி
ஓடிக்கொண்டிருந்தார்கள்.
கல்சுவரில் ஒரு பூனை, வெயிலுக்கு வயிற்றைக் காட்டி.
அசனலி செருப்பைக் கழற்றலாமா என்று
இரண்டு முறை கேட்டார்.

அருங்காட்சியகத்தில் குளிர்.
கண்ணாடிக்குள் மண்கிண்ணங்கள்.
அரண்மனைத் தரைக்கடியில் புதைத்தவை.
உள்ளே சுருண்டு கிடந்தவை
பாம்பின் எலும்புகள்,
உளுந்து வடகம் காய்ந்ததுபோல.
சிலதில் ஒரு மணி.
ஒன்றில் ஒரு முத்தும் இருந்ததாம்.

முத்து என்றதும் நான் இன்னும் குனிந்தேன்.
தூத்துக்குடிக்காரி.
எங்கள் ஊரில் முத்து
ரயிலின் பெயரில் இருக்கிறது,
நகைக்கடைப் பலகையில் இருக்கிறது.
கடலிலிருந்து ஒன்று மேலே வந்து
நான் பார்த்ததில்லை.

"பாம்புக்கு எதுக்குங்க முத்து?"
குறிப்பை வாசித்துச் சொன்னேன்:
சாவை வெல்ல நினைத்தார்களோ என்னவோ,
அறிஞர்களுக்கே நிச்சயமில்லை.
அவர் ஒத்துக்கொள்ளவில்லை.
"அதெல்லாம் இல்ல.
வழிச்செலவுக்குக் குடுத்து விட்டிருக்காங்க."

அப்புறம் கோட்டை வாசலில் நின்று
படம் எடுத்துத் தரச் சொன்னார்.
காற்று சட்டையை ஊதிப்
பாதி அசனலிதான் படத்தில் விழுந்தார்.
அனுப்பினார்.
ஐந்து நிமிடத்தில் மனைவியின் குரல்,
சத்தமாகவே போட்டார்:
"இது எந்த ஊரு? எப்ப அங்க மாறிப் போனீங்க?"
அவர் சிரித்த சிரிப்பில்
பூனை எழுந்து போய்விட்டது.

துறைமுகத்தில் கணக்குப் பார்த்தோம்.
நின்ற நேரத்துக்குக் காசு வேண்டாம் என்றார்,
"உள்ள நானும்தானே சுத்துனேன்."
ஓடிய தூரத்துக்கு
ஃபில்ஸ் குறையாமல் வாங்கிக்கொண்டார்.
மீதிச் சில்லறை ஒரு நாணயம்.

இரவு முகப்பறையில்
முழங்காலை மடித்தால்தான் படுக்க இடமுண்டு.
படகு இப்போது ஆடவில்லை,
நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.
மூன்றரைக்குக் கயிறுகளின் சத்தம் நின்றது.
மேலே கேப்டனின் குரல்:
"வாடை விழுந்துட்டு, எழும்பு!"
எழுந்தபோது கால்சட்டைப் பையிலிருந்து
நாணயம் நழுவிப்
பலகைகளுக்குக் கீழே எங்கோ
உருண்டு போனது.
தேட நேரமில்லை.