முப்பத்தொன்றாவது அழைப்பு

பிஷ்கெக் அலுவலகத்துக்காரர் ஓர் அலைவரிசையை
மூன்று வாரத்துக்குக் கடன் தந்திருந்தார்,
திருப்பும்போது கறை இருக்கக் கூடாது என்பதுபோல்
இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

லாரி பேட்டரி ஒன்று. பிஸ்கட் டப்பா அளவுக்கு ரேடியோ.
யாரோ எங்கோ எழுதி, எவரும் திறந்து பார்க்கட்டும் என்று
விட்டுவைத்த நிரல்.
குபாத்தின் கம்பளிக் கூடாரத்துக்குப் பின்னால்
இரும்புக் குழாயில் ஆன்டெனா நட்டோம்;
அதில் முதுகு சொறிந்துகொள்ள
அவர் மாடுகளுக்கு முதல் நாளே பழகிவிட்டது.

பெயர் அச்சிடாத வெள்ளை சிம் அட்டைகள்.
நான் ஆயிரத்தொன்று.
பெகாயிம் ஆயிரத்திரண்டு.
அந்த வலையில் வேறு எண்ணே கிடையாது.

முதல் முப்பது அழைப்புகளைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.
மணி அடிக்கும், எடுத்தால் அறுந்துபோகும்.
ஒருமுறை என் கைபேசிக்கு
என் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.
எடுக்கத் துணிவில்லை.

முப்பத்தொன்றாவதற்கு அவள் குதிரையேறி
எதிர்மேட்டுக்குப் போனாள்.
ஏற்பாடு இதுதான்:
அவள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்,
கேட்டால் நான் சிவப்பு வாளியைக்
கம்பில் மாட்டி உயர்த்த வேண்டும்.

பிர். எகி. உச். தோர்த். பெஷ்.
கேட்டது.
கடிவாள இரும்பைக் குதிரை மெல்லும் சத்தம்கூடக் கேட்டது.
"கேட்குது" என்றேன். அவள் எண்ணினாள்.
கத்தினேன். நாய் திரும்பிப் பார்த்தது,
அவள் பதினாறு என்றாள்.
வருகிற வழி திறந்து, போகிற வழி அடைத்திருந்தது.
வாளி என் காலடியில்.

நாற்பதில் அலுத்துப்போய்
குதிரையிடம் பேசத் தொடங்கினாள்.
"மிர்லான் பற்றவைத்த இணைப்பு நேற்றே விட்டுப்போச்சு.
ராத்திரி நான்தான் மறுபடி வைத்தேன்.
சொன்னால் மூன்று நாள்
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்."

வாளியின் பிடியைத் தொட்டேன்.

"அக்டோபரில் இஸ்தான்புல் போகிறேன்.
வேலை, அறை, எல்லாம் பேசியாயிற்று.
அவனிடம் சொல்ல வேண்டும்.
அதற்கு முதலில் ஒரு போனாவது வேலை செய்யணுமே."
சிரித்தாள். பிறகு வெகுநேரம் காற்று மட்டும்.
பிறகு, அவளுக்கே கேட்காத குரலில்,
ஒரு பழைய கணக்கைச் சரிபார்ப்பதுபோல்,
என் பெயர் இரண்டு முறை.

இரண்டாம் நிமிடத்திலேயே பிழை தெரிந்துவிட்டது.
முகவரி ஒன்று தவறு. ஒரே ஒரு வரி.
ஏழாம் நிமிடம் தாண்டித்தான் திருத்தினேன்.

முப்பத்திரண்டாவது அழைப்பு.
"கேட்குதா?"
"கேட்குது."
"எப்போதிலிருந்து?"
"இப்போதிலிருந்து" என்றேன்.
வாளியைத் தலைகீழாக மாட்டி உயர்த்தினேன்,
அதிலிருந்த கொஞ்சம் தண்ணீர்
என் சட்டைக்குள் இறங்கியது.

இரவில் பதிவேட்டைப் படிப்பது அவள் வேலை.
மடிக்கணினி வெளிச்சத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு
ஒவ்வொரு வரியாக இறங்குவாள்.
நான் அடுப்புக்குச் சாணி வறட்டி ஒடித்துக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேலேயே.

அழைப்பு 31. ஏழு நிமிடம், பன்னிரண்டு விநாடி.
ஆயிரத்திரண்டிலிருந்து வந்து சேர்ந்த துணுக்குகள்
இருபத்தோராயிரத்து அறுநூறு.
இழப்பு: பூஜ்யம்.
முடிவுக்குக் காரணம்: இயல்பானது.

அவள் விரல் அந்த வரியில் நின்றது.
கூடாரத்துக்கு வெளியே ஒரு மாடு
குழாயில் உரசியது,
ஒரு கணம் திரையில் சிக்னல் ஆடி நின்றது.

என்னைப் பார்க்கவில்லை.
நோட்டை எடுத்தாள். குறிப்பு என்ற கட்டத்தில்,
பென்சிலை ஒருமுறை நாக்கில் நனைத்து,
எழுதினாள்:
ஒருபக்கம் மட்டும். தெளிவு நன்று.

பக்கத்தைப் புரட்டிக் கேட்டாள்,
"முப்பத்துமூன்றுக்கு நாளைக்கு
நீ போகிறாயா மேட்டுக்கு?"