மூண்டு நாளைக்கு

சூசைநாயகம் போனிலை சொன்னார்:
"அடுப்பு இருக்கு, சட்டி இருக்கு, கட்டில் ரெண்டு.
சமையல் உங்கடை பாடு."

அந்த "உங்கடை" ஆரெண்டு
நான் கேக்கேல்லை.
கோமளேஸ்வரி கேட்டாள்.
கேட்டுப்போட்டுக் கையிலிருந்த அகப்பையை
என்ரை கைக்கு மாத்தினாள்.
"நெடுந்தீவிலை மூண்டு நாள்
நான் விருந்தாளி."

கோண்டாவில் வீட்டிலை
இருபத்திமூண்டு வருசமாய்ச் சோறு தின்னுறன்.
மிளகாய்த்தூள் எதுக்குள்ளை எண்டு
அண்டைக்கு ராத்திரித்தான் தேடினன்.
ஹோர்லிக்ஸ் போத்திலுக்கை மல்லி.
ஜாம் போத்திலுக்கை வெந்தயம்.
பிஸ்கற் பேணியைத் திறக்க
மூண்டு தரம் தும்மினன்.
அதுதான் தூள்.

கந்தோரிலை லெட்ஜர் எழுதிற கை.
ஒற்றையிலை கோடு போட்டன்.
மூண்டு பேர், மூண்டு நாள், மூண்டு நேரம்,
இருபத்தேழு கோப்பை.
ஒரு கோப்பைக்கு எத்தினை சுண்டு?
கணக்குச் சரியாய் வந்திது,
அரிசி வரேல்லை:
பதினாலு கிலோ.
ஆரபி எட்டிப் பாத்திட்டு
"அப்பா, பாண் வாங்குவம்" எண்டாள்.

பருப்பு. பழப்புளி. உள்ளி.
கறிவேப்பிலை, ஈரத் துணியிலை சுத்தி.
தீவிலை தண்ணி சவர் எண்டினம்,
பத்து லீற்றர் கான் ரெண்டு.
நெருப்புப்பெட்டி ஒண்டு,
அது நனைஞ்சால் இன்னொண்டு,
அதுவும் நனைஞ்சால் எண்டு ஒரு லைற்றர்.
திருவலையைத் தூக்கினன்,
பல்லைக் காட்டிச்சுது.
"பால்மாவிலை சொதி வைக்கலாம்" எண்டு
மெல்லமாய்க் கீழை வைச்சன்.
விறாந்தையிலை நகம் வெட்டிக்கொண்டிருந்தவள்
ஒருக்காச் செருமினாள்.
திருவலை உரப்பைக்குள்ளை போச்சுது.
தேங்காய் நாலும் பின்னாலை.

குறிகட்டுவானிலை படகேற,
கோழித்தீன் மூட்டையோடை இருந்த மனிசி
எங்கடை சாமானைப் பாத்திட்டுக் கேட்டா:
"கலியாண வீடோ?"
"ஓம்" எண்டாள் கோமளேஸ்வரி,
"சமையல்காரர் இவர்தான்."

பின்னேரம் அடுப்பு மூண்டாந்தரம் பத்திச்சுது.
பருப்பு அவிஞ்சுது, கத்தரிக்காய் சுருண்டுது,
உப்புக்குக் கை நீட்டினன்.

உரப்பையைக் கவிட்டன்.
ஒற்றையை விரிச்சன்.
பதினெட்டாவது வரி, உப்பு,
நேரை வடிவான ஒரு சரி.
எல்லா வீட்டிலையும் தானாய் இருக்கிற சாமான் எண்டு
பேனை நினைச்சிருக்கும்.

சுத்திவரக் கடல்.
நடுவிலை உப்பில்லாத ஒரு சட்டி.

ஆரும் காணாமல்
கல்வேலி தாண்டிப் போனன், கையிலை ரீ கோப்பை.
தூரத்திலை ஒரு மட்டக்குதிரை
புல்லை விட்டிட்டு என்னைப் பாத்துது.
அலை வர ஒரு எட்டுப் பின்னுக்கு,
போக ரெண்டு எட்டு முன்னுக்கு,
கோப்பை நிறையக் கடலும்
கொஞ்சம் மணலும்.
வேட்டித் தலைப்பிலை வடிச்சன்.
பருப்புக்கு ரெண்டு கரண்டி.
கத்தரிக்காய்க்கு ஒண்டு.
சந்தேகத்துக்கு ஒண்டு.

கோமளேஸ்வரி முதல் கவளத்தை
கனநேரம் வாயிலை வைச்சிருந்தாள்.
ஆரபி என்னைப் பாத்தாள்,
நான் விளக்கைப் பாத்தன்.

"கடல் கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டாள்.
கோப்பையை நீட்டினாள்,
இன்னொரு அகப்பைக்கு.

மூண்டாம் நாள் காலமை
பல்லுத் தீட்டிக்கொண்டு படலைக்கு வந்தால்
எதிரிலை, பூவரசுக்குப் பின்னாலை, ஒரு கடை.
தட்டியிலை வரிசையாய்
உப்புப் பைக்கற்.

"வந்த அண்டே கண்டனான்" எண்டாள்
பின்னாலை நிண்டு.
"ஏன் சொல்லேல்லை?"
"நான் விருந்தாளியெல்லோ."

திரும்பிற படகிலை பாரம் குறைவு.
அரிசி மட்டும் பதினொரு கிலோ மிச்சம்.
அகப்பை ரெண்டு பேருக்கும் நடுவிலை,
வாங்கிலை கிடந்து ஆடுது.
ஆர் எடுக்கிறதெண்டு
இன்னும் கதைக்கேல்லை.