வளை அம்பு

காரைக்குடி, விடைத்தாள் திருத்தும் முகாம், ஏழாம் நாள்.
மின்விசிறி தாள்களைக் கிளப்புகிறது;
மேலே பாரமாய் ஒரு கொய்யாக்காய்.
வினா முப்பத்து மூன்று:
அசிட்டால்டிஹைடுடன் ஹைட்ரஜன் சயனைடு.
கருக்கவர் கூட்டு வினையை அம்புக்குறியிட்டு விளக்குக.
ஐந்து மதிப்பெண்.

பத்தில் ஆறு பேர் அம்பைத் தலைகீழாய் விடுகிறார்கள்.
கார்பனிலிருந்து கிளம்பி
சயனைடைப் போய்ப் பிடிக்கிறது அது.
குற்றம் சொல்ல முடியாது.
பசித்தவன்தானே கை நீட்டுவான்?
கார்பன் பசித்தவன்.
இரட்டைப் பிணைப்பின் மேகத்தை
ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது.
ஆனால் அம்பு குறையிலிருந்து புறப்படுவதில்லை.
இருப்பவனிடமிருந்து,
அவன் வைத்திருக்கும் இரண்டு புள்ளியிலிருந்து.

(இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி
என்பது எங்கள் கோயில் கணக்கு.
எலக்ட்ரானுக்கு ஆளுக்கொரு புள்ளி.)

என்னையும் ஊரில் தலைகீழாய்த்தான் வரைந்தார்கள்.
பள்ளத்தூர் வீட்டில்
பிள்ளை கூட்டிக்கொண்டார்கள் என்றார்கள்.
கூட்டல் என்பதை நான் வேதியியலில் முதலில் படிக்கவில்லை.
பதினொரு வயது. மஞ்சள் நீர் குடித்தேன்.
இனிஷியல் மாறியது.
புதுச் சட்டையின் விலைச்சீட்டு கழுத்தை அறுத்தது.
முந்தைய இரவு நாச்சியாபுரத்தில்
"போறியா?" என்று கேட்டார்கள்.
"போறேன்" என்றேன்.
அந்த ஒரு சொல்லை யாரும் படத்தில் போடவில்லை.

கார்பனைல் தட்டையானது,
வளவில் விரித்த பாய் போல.
வருகிறவன் நேர் மேலிருந்து இறங்குவதில்லை;
நூற்றேழு பாகையில்,
ஆக்சிஜனுக்குச் சற்றே பின்னால் சாய்ந்து வருவான்.
ராகு காலம் முடியவில்லையென்று
நானும் கொல்லைக் கதவு வழியாகத்தான் வந்தேன்.
இருபுறமும் பருத்த தொகுதிகள் நின்றால் வினை மெதுவாகும்;
கீட்டோனுக்கு அதுதான் சங்கடம்.
எங்கள் பங்காளிகள் இருவரும் பருத்தவர்கள்.
சயனைடு என்றதும் நஞ்சு என்பார்களே,
அவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள்.
ஆறு மாதம் இழுத்தது.

நுழைந்ததும் எல்லாம் வளைகிறது.
தட்டை எழுந்து நான்முகியாகிறது.
பழையவர்கள் பின்வாங்கி இடம் விடுகிறார்கள்.
பதிலீட்டில் ஒருவன் வந்தால் ஒருவன் போவான்;
கூட்டலில் போவாரில்லை.
இதை வகுப்பில் உரக்கச் சொல்வேன்.

ஒன்று அவிழ்கிறது என்பதை மெதுவாக.
அவர்கள் இரண்டு பிணைப்பால் பிடித்திருந்தவர்கள்.
நான் வந்தபின் ஒன்று.
அப்பச்சி என்னோடு கணக்கு நோட்டில் குனிந்த மாலைகளில்
ஆத்தா இரண்டாம் கட்டில் தனியே ரேடியோ கேட்டாள்.
அவிழ்ந்த ஜோடி முழுவதும் அவள் மேல்.
எதிர்மின் சுமை.
எட்டு மாதம் நான் அவளை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை.
பிறகொரு நாள் கிணற்றடியில் பாம்பைக் கண்டு கத்தினேன்:
"ஆத்தா!"
பாம்பில்லை, ரப்பர் குழாய்.
புரோட்டான் அவ்வளவு சிறியது.
போய் ஒட்டியது.

இந்த வினை மீளும்.
எதிரெதிராய் இரண்டு அரை அம்பு போட வேண்டும்;
அதை யாரும் போடுவதில்லை.
ஒரு மழை இரவு பள்ளத்தூர் நிறுத்தத்தில்
கடைசி பஸ்ஸுக்கு நின்றேன்.
வந்தது. நடத்துனர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்தார்.
ஏறவில்லை.
செறிவு, வெப்பநிலை என்று எழுதினால்
பாடப்புத்தகம் ஏற்றுக்கொள்ளும்.

இந்தத் தாளில் யாரோ,
எண் மட்டும்தான் தெரியும்,
முதலில் தலைகீழாய் வரைந்து அழித்திருக்கிறார்.
பென்சில் தடம் இருக்கிறது.
பிறகு இரண்டு புள்ளிகளை
தாள் ஓட்டையாகும்படி குத்தி
அங்கிருந்து கிளப்பியிருக்கிறார்.
ஆக்சிஜனுக்குச் சுமை போட மறந்துவிட்டார்.
நாலரை.

கொய்யாக்காயை எடுத்துக் கடிக்கிறேன்.
தாள்கள் பறக்கின்றன.