கையெழுத்துக்கு மேலே

மார்ச் மாதம் வந்தால் நான் தரகர்.
ஒரு பக்கம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாற்பத்தேழு பேர்,
மறுபக்கம் வேலையில் இருப்பவர்கள் நாற்பத்துநான்கு.
ஜாதகம் கிடையாது, கேள்வித்தாள் உண்டு:
எந்தத் துறை, எந்தக் கிழமை சௌகரியம்,
தோல்வியை எப்படி எதிர்கொள்வீர்கள்,
நூறு சொற்களுக்குள்.
மூன்று பேருக்கு ஆள் அமையாது.
"அடுத்த ஆண்டு முன்னுரிமை" என்று
அவர்களுக்கு எழுதுவதும் நான்தான்.

திட்டம் எளிது.
ஆறு சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.
முதலில் அறிமுகம். பிறகு தன்விவரக் குறிப்பு.
மூன்றாவதில் பணியிடம் பார்க்கலாம்,
நான்காவதில் ஒத்திகை நேர்காணல்.
ஐந்தாவதற்குக் கையேட்டில்
"தொடர்புகள்" என்று ஒரே சொல்;
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
இத்தனை வருடத்தில் யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.
ஆறாவதில் நன்றி, கையெழுத்து.
காப்பிச் செலவு பல்கலைக்கழகத்துடையது.
கேக் கிடையாது.

ரயேனையும் யோசெலினையும் சேர்த்துவைத்தது
செவ்வாய்க்கிழமை.
இருவருக்கும் அன்று மாலைதான் ஒழிந்திருந்தது.
வேறு பொருத்தம் நான் பார்க்கவில்லை.
ரயேன் வால்பரைசோவின் குன்றுகளில்
பேருந்து திரும்பும் கடைசி இடத்திலிருந்து வருபவள்.
யோசெலினுக்கு முப்பத்தொன்று;
எந்தப் பெட்டகம் எந்தக் கப்பலில் எந்த அடுக்கில் என்று
துறைமுகத்தில் உட்கார்ந்து தீர்மானிப்பவள்.
தலைக்கவசத்தோடு, பளுதூக்கிகளின் காலடியில்,
இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம் வந்தது.
அடுத்த ஆண்டு சுவரொட்டிக்கு ஆகுமென்று
எடுத்து வைத்தேன்.

நான்காவது சந்திப்புக்கு முந்தைய வெள்ளியன்று
யோசெலினை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்,
கூடவே இன்னும் பதினோரு பேரை.
எனக்கு எழுதினாள்:
"விதி மூன்று, வழிகாட்டி பணியில் இருப்பவராக வேண்டும் என்கிறது.
விலகிவிடட்டுமா?"

விதி மூன்றை எழுதியவள் நான்.
என் ஒப்பந்தமும் டிசம்பர் வரைதான்.
அட்டவணையில் அவள் வரிசை,
"நிறுவனம்" என்ற கட்டம்;
அதன்மேல் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.
சன்னலுக்கு வெளியே குன்றேறும் பெட்டி
கிறீச்சிட்டு மேலே போனது,
ஆளில்லாமல் கீழே வந்தது.
கோப்பை மூடினேன். பதில் போடவில்லை.
அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ஒத்திகை நேர்காணல் நடக்கவில்லை.
காப்பிக்கடை மேசையில் யோசெலின்
பணிமுடிவுத் தாளை விரித்தாளாம்.
"தொகையை அப்புறம் பார், முதலில் தேதி.
விடுப்பு நாளை விரல்விட்டு எண்ணு,
எனக்கு நாலு குறைகிறது.
நோட்டரி பேனாவை நீட்டுவார்,
பின்னால் நிற்பவர் இருமுவார்.
அப்போதும் கையெழுத்துக்கு மேலே
ஒரு விரற்கடை இடம் இருக்கும்.
எது குறைகிறதோ அதை உன் கையால் எழுது,
கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் எழுது.
அப்புறம் கையெழுத்துப் போடு."

"நீ எழுதினாயா?"

"நாளைக்குத்தான் போகிறேன்."

குரல் நடுங்கியது என்றாள் ரயேன்,
பிற்பாடு என்னிடம் சொன்னபோது.
யாருடையது என்று சொல்லவில்லை.

நவம்பரில் படிவங்கள் திரும்பின.
"மிகவும் பயனுள்ளதாக இருந்தது":
முப்பத்தெட்டுப் பேர், ஒரே சொற்கள்.
ரயேனின் தாளில் அச்சிட்ட வரி,
ஆறு சந்திப்புகளும் நிறைவுற்றன என உறுதியளிக்கிறேன்.
அதற்கும் கையெழுத்துக்கும் நடுவில்
நீல மையில், நெருக்கியடித்து:
"ஆறு அல்ல, ஒன்பது.
மூன்றுக்குக் காப்பி நாங்களே வாங்கினோம்.
அந்தப் பணத்தைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை."

கணக்கர் சிரிப்பார், பிறகு ரசீது கேட்பார்.
அதையும் பின்னடித்து அனுப்பியிருக்கிறாள்,
மூன்று துண்டுச் சீட்டு.
ஒன்றில் கேக்.
அந்தச் சீட்டில் மட்டும் தேதி
ஒரு புதன்கிழமை,
நோட்டரி அலுவலகம் இருக்கும் தெரு.